ஒரு வீட்டு ஆட்டமாவது கொடுங்கள்: ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்புக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் ஷேக் சல்மான் பின் இப்ராஹிம் அல் கலீஃபா அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் தலைமையகம் இருக்கும் இதே கோலாலம்பூரில்தான் நானும் இருக்கிறேன். எந்தச் சங்கத்திலும் பொறுப்பில் இல்லை. யாருக்காகவும் பேச வரவில்லை. சின்ன வயதிலிருந்து அப்பாவோடு உட்கார்ந்து பந்து பார்த்து வளர்ந்தவன், இப்போது என் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிறவன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

2025 அக்டோபர் 14 உங்களுக்கும் நினைவிருக்கும். அன்று மாலை வேலை முடிந்து வரும் வழியில் மாமாக் கடை என்று நாங்கள் சொல்லும் ஓர் இந்திய முஸ்லிம் உணவகத்தில் உட்கார்ந்தேன். தோக்கியோவில் பிரேசிலிடம் இரண்டு கோல் பின்தங்கியிருந்த ஜப்பான், இடைவேளைக்குப் பிறகு மூன்று கோல் அடித்து வென்றது. பிரேசிலை ஜப்பான் வென்றது அதுதான் முதல் முறை. கடையில் ஒரு ஜப்பான்காரர் கூட இல்லை. ஆனாலும் மூன்றாவது கோல் விழுந்ததும் மேசையைத் தட்டாத ஆள் இல்லை. அப்புறம் இரவு, கோவாவில் சிங்கப்பூர் இந்தியாவை 2-1 என்று வென்று ஆசியக் கிண்ணக் கனவை உயிரோடு வைத்துக்கொண்டது. ஒரே நாளில் இரண்டு சேதி: ஆசியாவின் உச்சி இன்னும் உயரமாகிவிட்டது, அடிவாரமும் இருந்த இடத்தில் இல்லை.

நள்ளிரவு தாண்டித்தான் டோஹாவிலும் ஜெட்டாவிலும் உலகக் கிண்ணத் தகுதிப் போட்டியின் நான்காம் சுற்றுக் கடைசி ஆட்டங்கள் முடிந்தன. ஆறு அணிகள், மும்மூன்றாக இரண்டு பிரிவு; ஒரு பிரிவின் எல்லா ஆட்டமும் கத்தாரின் டோஹாவில், மற்றதன் எல்லா ஆட்டமும் சவூதியின் ஜெட்டாவில். பிரிவில் முதலிடம் பிடித்தால் நேராக உலகக் கிண்ணம். டோஹாவில் கத்தார் ஐக்கிய அரபுச் சிற்றரசுகளை 2-1 என்று வென்றது. ஜெட்டாவில் சவூதி அரேபியாவும் ஈராக்கும் கோலின்றிச் சமநிலை கண்டன. இரண்டு அணிகளும் புள்ளியிலும் கோல் வித்தியாசத்திலும் சமம், அதிகக் கோல் அடித்த கணக்கில் சவூதி உலகக் கிண்ணத்துக்குப் போனது. போட்டியை நடத்திய இரண்டு நாடுகளும் உள்ளே. வந்து ஆடிய நான்கு நாடுகளுக்கும் அன்று இடம் இல்லை. அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த மடல் அன்றே மனதில் தொடங்கிவிட்டது.

என் மனக்குறை கத்தார் வீரர்கள் மீதோ சவூதி வீரர்கள் மீதோ இல்லை. கத்தாரின் அக்ரம் அஃபீஃப் அன்று தூக்கிக் கொடுத்த பந்துகளை நான் இன்னும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். 2022-இல் அர்ஜென்டினாவைச் சவூதி வென்ற மாலையில் எங்கள் தெருவே சவூதித் தெருவாக இருந்தது. வீரர்கள் தங்களுக்குக் கொடுத்த திடலில் ஆடினார்கள். எந்தத் திடல் என்று தீர்மானித்தது நீங்கள். அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

மூன்றாம் சுற்றுப் பட்டியலை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். ஏ பிரிவில் சிற்றரசுகள் 15 புள்ளியோடு மூன்றாம் இடம், கத்தார் 13 புள்ளியோடு நான்காம் இடம். பி பிரிவில் ஈராக் 15, ஓமான் 11. சி பிரிவில் சவூதி 13, இந்தோனேசியா 12. அடுத்த சுற்றுக்கு வந்த இந்த ஆறு அணிகளில் கூடுதல் புள்ளி எடுத்தவை ஈராக்கும் சிற்றரசுகளும். வீட்டுத் திடல் கிடைத்ததோ கத்தாருக்கும் சவூதிக்கும். தன் பிரிவில் நான்காவதாக முடித்த அணிக்கு, அதற்கு மேலே முடித்த அணி விருந்தாளியாகப் போய் ஆட வேண்டியிருந்தது. இது எப்படிச் சரியாகும் என்று என் மகன் கேட்டான். பதில் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

திடல் மாறினால் என்ன, பந்து ஒன்றுதானே என்று யாரும் சொல்ல முடியாது. அதே சிற்றரசுகள் 2024 நவம்பரில் தங்கள் ஊரில் கத்தாரை 5-0 என்று அடித்தார்கள். ஃபாபியோ லிமா ஒருவரே நான்கு கோல். அதே மாதம் ஜகார்த்தாவில் மார்செலினோ ஃபெர்டினான் இரண்டு கோல் அடிக்க, இந்தோனேசியா சவூதியை 2-0 என்று வென்றது. கெலோரா புங் கார்னோ அரங்கில் அன்று எழுந்த சத்தம் தொலைக்காட்சி வழியாகவே காதை அடைத்தது. ஓராண்டு கழித்து ஜெட்டாவில் சந்தித்தபோது 3-2 என்று சவூதிக்கு வெற்றி. ஒரே ஒரு கோல்தான் வித்தியாசம். அந்த ஆட்டம் ஜகார்த்தாவில் நடந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். மாறியிருக்குமா என்று பார்க்கும் வாய்ப்பு கூட அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

ஓய்வு நாள்களையும் எண்ணிப் பார்த்தேன். சவூதி 8-ஆம் தேதி ஆடி, பிறகு 14-ஆம் தேதி ஆடியது. இடையில் முழுதாக ஐந்து நாள். ஈராக் 11-ஆம் தேதி ஆடி 14-ஆம் தேதி ஆடியது. இடையில் இரண்டே நாள். டோஹாவிலும் அதே ஏற்பாடு: கத்தாருக்கு ஐந்து, சிற்றரசுகளுக்கு இரண்டு. வீட்டுத் திடலும் ஒரே அணிக்கு, நீண்ட ஓய்வும் அதே அணிக்கு. இரண்டில் ஒன்றையாவது விட்டுக் கொடுத்திருக்கலாம்.

ஃபிஃபா கொடுக்கும் நாள்கள் குறைவு, ஒரே இடத்தில் நடத்தினால்தான் முடிக்க முடியும் என்று நீங்கள் சொல்லக்கூடும். அதையும் யோசித்தேன். மூன்று அணிகள் கொண்ட ஒரு பிரிவில் மொத்தம் மூன்று ஆட்டம்தான். ஆளுக்கு ஒன்று சொந்த மண்ணில், ஒன்று வெளியில். ஜகார்த்தாவில் ஒன்று, ஈராக்கின் பஸ்ராவில் ஒன்று, ஜெட்டாவில் ஒன்று. ஒரு ஆட்டம் கூடக் கூடுதலாக நடத்த வேண்டியதில்லை. யார் யாரை வீட்டுக்கு அழைப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்திருக்கலாம். பயணம் தூரம் என்றால் செப்டம்பர் இடைவெளியையும் அக்டோபர் இடைவெளியையும் சேர்த்துப் பிரித்திருக்கலாம்; செப்டம்பரில் அந்த அணிகள் நட்பு ஆட்டங்களும் சிறு கிண்ணப் போட்டிகளும்தானே ஆடிக்கொண்டிருந்தன. மூன்று சங்கங்களும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் முடிகிற கணக்கு இது.

அதற்கு அடுத்த சுற்றே எனக்குச் சாட்சி. தங்கள் பிரிவில் இரண்டாவதாக வந்த சிற்றரசுகளும் ஈராக்கும் ஐந்தாம் சுற்றில் மோதியபோது நீங்களே இரண்டு ஆட்டங்களாகப் பிரித்துக் கொடுத்தீர்கள். நவம்பர் 13 அபுதாபியில் 1-1. நவம்பர் 18 பஸ்ராவில் இரண்டாம் ஆட்டம். 90 நிமிடம் முடிந்து கால் மணி நேரத்துக்கும் மேல் ஆன பிறகு, அமீர் அல் அம்மாரி பெனால்டி அடித்து 2-1 ஆக்கினார். பஸ்ரா அரங்கமே ஆடியது. அந்த இரவில் ஈராக்கியர்களோடு சேர்ந்து நானும் அழுதேன். ஏன் என்று சொல்ல 2007-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஆசியக் கிண்ணத்தை இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நான்கு நாடுகள் சேர்ந்து நடத்தின. ஈராக்கும் தென்கொரியாவும் அரையிறுதியில் மோதியது எங்கள் புக்கிட் ஜாலில் அரங்கில். கோல் இல்லை, பெனால்டியில் ஈராக் 4-3. மேல் வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குப் பக்கத்தில் நாலைந்து ஈராக் மாணவர்கள் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் பத்திரிகையில்தான் படித்தேன்: பாக்தாதில் அந்த வெற்றியைக் கொண்டாடிய கூட்டத்தில் குண்டுகள் வெடித்து ஐம்பது பேரளவில் இறந்துவிட்டார்கள். நான்கு நாள் கழித்து ஜகார்த்தாவில் யூனிஸ் மஹ்மூத் தலையால் முட்டிய பந்து சவூதி வலைக்குள் போனது, ஈராக் ஆசியச் சாம்பியன். ஆனால் அந்தச் சாம்பியன் பல ஆண்டுகள் தன் நாட்டில் தகுதி ஆட்டம் ஆட முடியாமல், அம்மானிலும் டோஹாவிலும் அடுத்தவர் அரங்கைத் தன் வீடு என்று சொல்லிக்கொண்டு ஆடியது. அப்படிப்பட்ட நாட்டுக்குப் பஸ்ராவில் ஒரு தகுதி ஆட்டம் என்றால் வெறும் ஆட்டமா? ஐந்தாம் சுற்றில் கிடைத்த அந்த வீட்டு ஆட்டம் நான்காம் சுற்றிலும் கிடைத்திருக்க வேண்டும்.

அதே 2007-இல் புக்கிட் ஜாலிலில் இன்னொரு ஆட்டமும் பார்த்தேன். உஸ்பெகிஸ்தான் எங்களை 5-0 என்று அடித்தது. வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் ஒருவரும் பேசவில்லை. அன்று எரிச்சலாக இருந்தாலும், அந்த அணி என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. அப்புறம் அவர்கள் பட்ட பாட்டைப் பதினெட்டு ஆண்டு பார்த்தேன். ஏற்கெனவே 2005-இல் பஹ்ரைனுக்கு எதிரான தகுதி ஆட்டத்தில் வென்றும், நடுவர் பெனால்டி விதியைத் தவறாகப் பயன்படுத்தியதால் அந்த ஆட்டமே செல்லாது என்று மறுபடி ஆட வைக்கப்பட்டு, உலகக் கிண்ண வாய்ப்பைக் கோட்டைவிட்டவர்கள் அவர்கள். 2013-இல் தென்கொரியாவோடு புள்ளி சமம், கோல் வித்தியாசத்தில் ஒரே ஒரு கோல் குறைவு. சரி, பிளே-ஆஃப் இருக்கிறது என்று போனால், தாஷ்கந்தில் ஜோர்டானிடம் பெனால்டியில் 9-8 என்று தோல்வி. ஜோர்டானும் அதோடு கரையேறவில்லை. உருகுவேயிடம் அம்மானில் 5-0 வாங்கிக்கொண்டு நின்றது.

அந்த இரண்டு நாடுகளும் ஒரே நாளில், 2025 ஜூன் 5-ஆம் தேதி, முதல் முறையாக உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றன. உஸ்பெகிஸ்தான் அபுதாபியில் சமநிலை கண்டு, ஜோர்டான் மஸ்கட்டில் அலி ஒல்வானின் மூன்று கோலால் வென்று. இரண்டுமே வெளியூரில் போய்ச் சாதித்தவை. ஆனால் அந்த இடத்துக்கு அவர்களைக் கொண்டுவந்தது தாஷ்கந்திலும் அம்மானிலும் எடுத்த புள்ளிகளும்தான். உஸ்பெகிஸ்தான் குறுக்கு வழியில் போகவில்லை. 2018-இல் 23 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கிண்ணம், 2023-இல் 20 வயதுக்குட்பட்டோர் கிண்ணம், 2025-இல் 17 வயதுக்குட்பட்டோர் கிண்ணம் என்று படிப்படியாக ஏறி வந்தார்கள். அந்த வரிசையில் வந்த அப்துகோதிர் குசானோவ் இன்று மான்செஸ்டர் சிட்டியில். ஜோர்டானோ 2024 பிப்ரவரியில் ஆசியக் கிண்ண அரையிறுதியில் தென்கொரியாவை 2-0 என்று வென்றது. கொரிய அணித் தலைவர் சோன் ஹியுங்-மின் தலை குனிந்து நின்ற அந்தக் காட்சியை எளிதில் மறக்க முடியாது.

அதே போட்டியில் ஈராக் ஜப்பானை வென்றது. முதல் முறையாக வந்த தஜிகிஸ்தான் காலிறுதி வரை போனது. எங்கள் மலேசியா, ஏற்கெனவே வெளியேறிவிட்ட நிலையிலும், தென்கொரியாவோடு 3-3 என்று சமன் செய்தது. கடைசிக் கோலை ரோமெல் மொராலெஸ் அடித்தபோது 90 நிமிடத்துக்கு மேல் இன்னொரு பதினைந்து நிமிடம் ஓடியிருந்தது. எங்கள் கடையில் யாரும் அன்று காசு எண்ணிக் கொடுக்கவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். முன்பெல்லாம் ஜப்பான், கொரியா, ஈரான், சவூதி போன்ற அணிகளுக்கும் மற்றவர்களுக்கும் இடையில் இருந்த தூரம் பெரிது. ஆட்டத்தை எங்கே வைத்தாலும் பெரும்பாலும் முடிவு மாறாது. இப்போது அப்படி இல்லை. நடு வரிசையில் பத்துப் பன்னிரண்டு அணிகள் ஒரு கோல் வித்தியாசத்தில் நெருக்கியடித்து நிற்கின்றன. தராசு இவ்வளவு நுணுக்கமாகிவிட்ட காலத்தில், அதன் ஒரு தட்டில் நீங்கள் விரல் நுனி வைத்தாலும் அது சாயும். முன்பு யாருக்கும் பெரிதாகத் தெரியாமல் போன ஒரு நிர்வாக முடிவு இன்று ஒரு நாட்டின் நாற்பது ஆண்டுக் காத்திருப்பை நீட்டிவிடும். அந்த அக்டோபர் இரவு வரை ஈராக் உலகக் கிண்ணத்தில் ஆடியது 1986-இல் மட்டும்தான்.

ஒரே இடத்தில் நடத்தியும் நியாயமாக இருக்க முடியும் என்பதற்கு உங்கள் வரலாற்றிலேயே உதாரணம் இருக்கிறது. 1993 அக்டோபரில் டோஹாவில் ஆறு அணிகள் கூடின: ஜப்பான், தென்கொரியா, வடகொரியா, சவூதி, ஈரான், ஈராக். கத்தார் அந்த ஆறில் இல்லை. அங்கே யாருக்கும் அது வீடு இல்லை. கடைசி நாளில் ஈராக் 90 நிமிடம் முடிந்த பிறகு ஜப்பானுக்கு எதிராக ஒரு கோல் அடித்து 2-2 ஆக்கியதும், ஜப்பானின் முதல் உலகக் கிண்ணக் கனவு போய், அந்த இடம் தென்கொரியாவுக்கு வந்தது. அதை ஜப்பானியர்கள் டோஹாவின் துயரம் என்கிறார்கள், கொரியர்கள் டோஹாவின் அதிசயம் என்கிறார்கள். எவ்வளவு வலித்தாலும் திடல் மீது ஜப்பான் பழி போட முடியவில்லை. அன்று ஜப்பானுக்காக ஆடிய ஹஜிமே மொரியாசுதான் 2022-இல் அதே கத்தாரில் ஜெர்மனியையும் ஸ்பெயினையும் வென்ற ஜப்பானின் பயிற்றுநர். தோற்ற அணி வீட்டுக்குப் போய்த் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டுமானால், தோல்வி நியாயமாக வந்திருக்க வேண்டும். நடத்துகிறவரே வெல்லும் ஏற்பாட்டில் தோற்றவன் திடலைத்தான் குறை சொல்வான். அதில் அவன் எதையும் கற்றுக்கொள்ள மாட்டான்.

போட்டி மனப்பான்மை பற்றியும் கொஞ்சம். ஆசியாவின் பெரிய பகைகள் எல்லாமே நீ என் ஊருக்கு வா, நான் உன் ஊருக்கு வருகிறேன் என்பதில் பிறந்தவை. அந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்காத இடங்களில் அதன் வலியே கதையாக நிற்கிறது. உங்கள் கூட்டமைப்பு பிறந்த 1954-ஆம் ஆண்டிலேயே ஜப்பானும் கொரியாவும் உலகக் கிண்ணத் தகுதிக்காக முதல் முறையாக மோதின. ஜப்பானியர்கள் கொரிய மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ தடுத்ததால் இரண்டு ஆட்டமும் தோக்கியோவில். அடிமைப்பட்டிருந்த நாட்டுக்காரர்கள் ஆண்ட நாட்டின் தலைநகரில் போய் 5-1 என்று வென்றார்கள், அடுத்ததில் 2-2. இன்று அந்தத் தராசும் சாய்ந்திருக்கிறது. 2021 முதல் 2025 வரை தொடர்ந்து மூன்று முறை ஜப்பான் கொரியாவை வென்றிருக்கிறது, அதில் கடைசி வெற்றி கொரிய மண்ணிலேயே. கொரியர்களுக்கு இது எவ்வளவு உறுத்தும் என்று சொல்லத் தேவையில்லை. அவர்கள் வீட்டில் தோற்றதால்தான் அந்த உறுத்தல்.

2019 அக்டோபர் 15-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்று பியோங்யாங்கில் வடகொரியாவும் தென்கொரியாவும் ஆடின. பார்வையாளர் யாரும் இல்லை, நேரலையும் இல்லை, 0-0. அதே நாளில் மேற்குக் கரையின் அல் ராமில் பாலஸ்தீனம் சவூதியை வரவேற்று ஆடியது, அங்கும் 0-0. இரண்டு ஆட்டத்திலும் கோல் இல்லை. ஆனால் ஒன்றில் அரங்கம் வெறிச்சோடிக் கிடந்தது, மற்றதில் ஒரு மக்கள் கூட்டம் தன் அணியைத் தன் மண்ணில் பார்த்து மகிழ்ந்தது. வீட்டு ஆட்டம் என்பதன் பொருள் அந்த ஒரே நாளில் தெரிந்துவிட்டது.

அந்தப் பாலஸ்தீனத்தின் வீட்டு ஆட்டம் ஒன்று 2024 செப்டம்பரில் எங்கள் செராஸ் அரங்கத்தில் நடந்தது. போர் காரணமாக அவர்களால் தங்கள் நாட்டில் ஆட முடியவில்லை. ஜோர்டானிடம் 1-3 என்று தோற்றார்கள். நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோம். ஆனால் எங்களுக்கு அவர்கள் பாட்டு தெரியாது, ஒரு வீரரின் ஊர் தெரியாது, அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட யாரும் இல்லை. எவ்வளவு அன்பாக இருந்தாலும் விருந்தாளி வீடு விருந்தாளி வீடுதான். அந்த அணி சியோலில் தென்கொரியாவைச் சமன் செய்தது. கடைசி நாள் வரை போராடி, 97-ஆவது நிமிடத்தில் ஓமானுக்குக் கிடைத்த ஒரு பெனால்டியில் வாய்ப்பை இழந்தது. ஒரு ஆட்டம் கூடத் தன் நாட்டில் ஆடாமல் இவ்வளவு தூரம். அவர்களுக்கு வீட்டு ஆட்டம் கொடுக்க உங்களால் முடியவில்லை, அது உங்கள் கையில் இல்லை என்பது புரிகிறது. பஸ்ராவும் ஜகார்த்தாவும் உங்கள் கையில்தான் இருந்தன.

எங்கள் பக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் எங்கள் பிரிவு முழுவதும் கோலாலம்பூரில்தான் நடந்தது. மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்றோம். ஆறுமுகம் கோல் கம்பத்துக்குள் நின்று பறந்து பறந்து தடுத்ததையும், ஜேம்ஸ் வோங் அடித்த கோலையும் அப்பா எனக்கு நூறு முறையாவது சொல்லியிருப்பார். கடைசியில் புறக்கணிப்பு வந்து மாஸ்கோவுக்குப் போகவே இல்லை என்பது வேறு சோகம். அன்று வீட்டுத் திடலின் பலனை அனுபவித்தவர்கள் நாங்கள். இந்த மடலை எழுதும்போது அது என்னை உறுத்தியது. ஆனால் யோசித்துப் பார்த்தேன்: நமக்குக் கிடைத்தபோது இனித்ததால்தானே அது எவ்வளவு பெரிய சலுகை என்று நமக்கே நன்றாகத் தெரியும்?

இன்னொன்றும் உண்டு. 2025 செப்டம்பரில் ஏழு வெளிநாட்டுப் பிறப்பு வீரர்களின் ஆவணங்கள் போலி என்று ஃபிஃபா கண்டறிந்து, எங்கள் சங்கத்துக்கு அபராதமும் வீரர்களுக்குத் தடையும் விதித்தது. ஜூனில் வியட்நாமை 4-0 என்று வென்றபோது நான் புக்கிட் ஜாலிலில் துள்ளிக் குதித்தவன். அந்த மகிழ்ச்சியை நினைத்தால் இப்போது கூசுகிறது. முன்னேற அவசரப்படுகிற சங்கங்கள் தப்பான வழியில் இறங்கும் காலம் இது. அதனால்தான் மேலே இருக்கும் நீங்கள் விதியை யாரும் சந்தேகிக்க முடியாதபடி வைத்திருக்க வேண்டும். சின்னச் சங்கம் தவறினால் தண்டனை, பெரிய சங்கத்துக்கு மட்டும் வீட்டுத் திடல் என்ற எண்ணம் ரசிகன் மனதில் விழுந்துவிட்டால், அதை எடுப்பது கடினம்.

ஆசியக் கிண்ணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2011 கத்தார், 2015 ஆஸ்திரேலியா, 2019 சிற்றரசுகள், 2023 கத்தார், 2027 சவூதி. ஐந்தில் நான்கு வளைகுடாவில். 2023 போட்டியைச் சீனா கைவிட்டதால் கத்தார் கைகொடுத்தது, 2027-க்கு இந்தியா விலகிக்கொண்டது; இதெல்லாம் எனக்குத் தெரியும், நீங்கள் மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கழகங்களுக்கான சாம்பியன்ஸ் லீக் எலிட் போட்டியின் கடைசிக் கட்டத்தையும் 2025-இல் ஜெட்டாவில் கூட்டிவிட்டீர்கள். அங்கே வந்த எட்டுக் கழகங்களில் மூன்று சவூதிக் கழகங்கள், வென்றது ஜெட்டாவின் அல் அஹ்லி. அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான் இறுதியாட்டம் ரியாத்தில் ஒன்று, சைத்தாமாவில் ஒன்று என்று நடந்தது. சிவப்புக் கடலாக நின்ற ஜப்பானின் உராவா ரசிகர்கள் முன்னால் சவூதியின் அல் ஹிலால் ஆடியதைப் பார்த்தவர்களுக்கு, ஆசியாவுக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேறு வேண்டுமா என்று தோன்றியிருக்கும். நல்ல அரங்கமும் ஹோட்டலும் பணமும் இருக்கிற இடத்தில் நடத்துவது எளிது. 2007-இல் நான்கு நாடுகளில் நடத்தியபோது மழையும் குழப்பமும் இருந்தன, உண்மைதான். ஆனால் அந்தப் போட்டி எங்களுக்குக் கொடுத்ததை எந்தக் குளிரூட்டிய அரங்கமும் கொடுக்க முடியாது. உஸ்பெகிஸ்தானை நான் அறிந்ததே அதனால்தான்.

சமநிலை ஒரே பக்கமாகவா மாறுகிறது? இல்லை. 1962-இல் ஜகார்த்தாவில், தங்களுக்கு எதிராகக் கூச்சலிட்ட பெரும் கூட்டத்தின் நடுவில் தென்கொரியாவை வென்று ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கியது இந்தியா. அந்த இந்தியா 2025 நவம்பரில் டாக்காவில் வங்காளதேசத்திடம் 1-0 என்று தோற்றது; வங்காளதேசத்துக்கு இந்தியாவுக்கு எதிராக 2003-க்குப் பிறகு முதல் வெற்றி. அதே நாளில் சிங்கப்பூர் ஹாங்காங்கில் வென்று, நடத்தும் நாடு என்ற சலுகை இல்லாமல் முதல் முறையாக ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் கொஞ்சம் பொறாமைதான், ஆனால் மனதார வாழ்த்துகிறேன். டாக்காவிலும் ஹாங்காங்கிலும் நிரம்பிய அரங்கங்களில் நடந்த அந்த ஆட்டங்கள் எல்லாம் வீட்டில் ஒன்று, வெளியில் ஒன்று என்ற பழைய முறையில் நடந்தவை. சிற்றணிகளுக்குக் கொடுத்த நியாயத்தை உலகக் கிண்ண வாசலில் நிற்பவர்களுக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?

என் கோரிக்கை பெரிதில்லை. 2030 உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றின் விதிகளை எழுதும்போது, எந்தக் கட்டத்திலும் போட்டியிடும் அணி ஒன்றுக்கு மட்டும் முழுச் சுற்றையும் நடத்தும் உரிமை கிடையாது என்று ஒரு வரி சேருங்கள். மூன்று அணிப் பிரிவாக இருந்தால் ஆளுக்கு ஒரு வீட்டு ஆட்டம். அது முடியவே முடியாதென்றால், 1993 போல யாருக்கும் வீடு இல்லாத ஒரு நகரம். புக்கிட் ஜாலில் அரங்கம் உங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஓய்வு நாள்கள் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும், இல்லையென்றால் குறைந்த ஓய்வு நடத்தும் அணிக்கு வரட்டும். எந்த அடிப்படையில் ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்தீர்கள், வேறு யார் கேட்டார்கள், அவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதைப் பொதுவில் எழுதி வெளியிடுங்கள்.

இருபத்தொன்பது ஆண்டுகள் உங்கள் பொதுச் செயலாளராக இருந்தவர் நெகிரி செம்பிலானில் பிறந்த பீட்டர் வேலப்பன். எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பத்துப் பையன் ஒருவன் ஆசியக் காற்பந்து முழுவதையும் நிர்வகிக்க முடியும் என்று அப்பா அவர் படத்தைக் காட்டித்தான் சொல்வார். அதனால் இந்தக் கூட்டமைப்பை நான் எப்போதும் தூரத்து அலுவலகமாக நினைத்ததில்லை, நம்முடையது என்றுதான் நினைத்திருக்கிறேன். நம்முடையது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதத் துணிந்தேன்.

ஒவ்வொரு தகுதிச் சுற்றும் தொடங்கும்போது என் மகனுக்கு நாற்பது ஆட்டங்களின் அட்டவணையை அச்சிட்டுச் சுவரில் ஒட்டித் தருவது எங்கள் வீட்டு வழக்கம். எந்த ஆட்டம் யார் ஊரில் என்று அவன் பச்சை மையில் வட்டமிடுவான். அடுத்த முறை கடைசிச் சுற்று வரும்போது அவன் கேட்கப் போகும் கேள்விக்கு, உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கிறேன்.

அன்புடனும் மரியாதையுடனும்,
புக்கிட் ஜாலில் மேல் வரிசையில் உட்காரும் ஒரு ரசிகன்,
கோலாலம்பூர்